அக்காவின் தூக்குச்சட்டி

வால்பாறைக்கு வந்து நான்கு வருஷம் வரை என் பெட்டியைப் பரணில் ஏற்றவே இல்லை. கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்திருந்தேன். மாறுதல் ஆணை எப்போது வந்தாலும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும் என்று நினைப்பு. சாமான் எதுவும் வாங்கவில்லை. அந்தக் குளிரிலும் வெந்நீருக்கு ஒரு பாய்லர் வாங்காமல், ஸ்டவ்வில் ஒரு சட்டித் தண்ணீரைச் சுடவைத்து, அதையே விளாவி விளாவிக் குளித்தேன். "இன்னும் ஆறு மாசம்தானே" என்று எத்தனை ஆறு மாசம் சொன்னேன் என்று கணக்கில்லை. இப்போது பதினைந்து வருஷம் ஆகிறது. பெட்டி பரணில் இருக்கிறது. நடுவில் ஒரு பூனை அதில் குட்டிகூடப் போட்டது.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வருகிற ஆசிரியைகள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள், "எப்படி டீச்சர் இங்க இத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று. மணி அடித்துவிடும், பதில் பாதியில் நிற்கும். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு முதுகுளத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே கண்மாய் நிறைந்தாலே திருவிழாதான். வருஷம் முழுக்கப் பெய்வதே 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மண்ணிலிருந்து 2010 ஜூனில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரத்தில், பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன். ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டியதும் வளைவுகள். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பதினேழாவதில் வாந்தி எடுத்தேன். காவர்க்கல்லில் மஞ்சு மூடி ரோடே தெரியவில்லை. கண்டக்டர் மட்டும் நிம்மதியாகச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

பள்ளி டவுனில் இல்லை, ஒரு எஸ்டேட்டுக்குள். தங்குவதற்கு லைன் வீடு ஒன்று கிடைத்தது. லைன் வீடு என்றால் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் நீளத் திண்ணை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று அப்போது இருந்த 1951-ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தின் மறுபக்கம் எனக்குப் பிறகுதான் புரிந்தது, அதற்கு வருகிறேன். டீச்சருக்கு எப்படி லைன் வீடு கிடைத்தது என்றால், ஆள் இல்லை. 2001 கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள்தொகை ஏறக்குறைய 95 ஆயிரம். 2011-இல் சுமார் 71 ஆயிரம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் லைனில் பத்து வீட்டில் மூன்று பூட்டிக் கிடந்தது. அதில் ஒன்றுதான் எனக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, கொழுந்து பறிக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் போனில் அம்மாவிடம் அழுதால் அவருக்குக் கேட்கும். ஆனால் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். ஒட்டுச் சுவர்க்காரர்களுக்கு அது ஒரு மரியாதை.

முதல் மழைக்காலத்தில் எதுவும் காயவில்லை. உள்பாவாடை நான்கு நாள் கொடியில் கிடந்து நாறும். செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. சான்றிதழ்கள் வைத்திருந்த உறைக்குள் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. அக்கா திண்ணையிலிருந்து சொன்னார்: "துணிய இங்கிட்டுக் குடுங்க டீச்சர், அடுப்புக்கு மேல கம்பி கட்டிருக்கேன், ராத்திரிக்குள்ள காஞ்சிரும்." நான், "பரவாயில்லக்கா, வேணாம்" என்றேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு போய் உடம்பெல்லாம் படை வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருகிறார், சர்க்கரை இல்லை. வேறு வழியில்லாமல் அக்காவிடம் ஒரு டம்ளர் வாங்கினேன். மறுநாளே டவுனுக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி, அதே டம்ளரில் தலைதட்டி, அளவு பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்குள் பெருமை. அக்கா டம்ளரைப் பார்த்தார். "என்ன டீச்சர், கணக்க முடிச்சிட்டீங்களாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேச்சுக் குறைந்துபோனது.

எனக்கு விளங்கப் பல மாதம் பிடித்தது. இத்தனைக்கும் எங்கள் ஊரில் அம்மா இப்படிச் செய்ததே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து மோர் வந்த செம்பு நாலைந்து நாள் எங்கள் அடுப்படியில் கிடக்கும். பிறகு அது முருங்கைக்கீரையோடு திரும்பிப் போகும். கீரை போன செம்புக்குப் பதிலாக ஒரு கிண்ணம் வரும். யார் யாருக்குக் கடன் என்றே தெரியாது, தெரியாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. மோருக்கு மோர், சர்க்கரைக்குச் சர்க்கரை என்று அன்றைக்கே கொடுத்தால் 'உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை' என்று அர்த்தம். இது தெரிந்த நான்தான் வால்பாறையில் கடைக்காரர்போல நடந்துகொண்டேன். ஏனென்றால் இங்கே நான் விருந்தாளி என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அந்த வருஷங்களில் மாதம் இரண்டு முறை ஊருக்கு ஓடுவேன். வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறினால் பொள்ளாச்சி, மதுரை, பரமக்குடி என்று மாறி மாறிச் சனிக்கிழமை விடியும்போது வீடு. ஞாயிறு மத்தியானம் மறுபடி கிளம்ப வேண்டும். ஊரில் இருந்த நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பஸ்ஸிலும் இருந்தேன். ஒரு மார்ச் மாதம் சொல்லாமல் போய்விட்டேன். என் அறையைத் திறந்தால் கட்டில் தெரியவில்லை. குண்டு மிளகாய் மூட்டை. இப்போது புவிசார் குறியீடெல்லாம் வாங்கிவிட்ட அதே ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான். அண்ணி பதறிப்போய், "வர்றேன்னு ஒரு போன் போட்டிருக்கலாம்ல, ரெண்டு மூட்டைய நகத்தச் சொல்றேன்" என்றார். யார் மேலும் தப்பில்லை. வெள்ளாமை வீட்டில் காலியாகக் கிடக்கிற அறையில் மிளகாய் வைக்காமல் என்ன செய்வார்கள்? ராத்திரி முழுக்கத் தும்மிக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் அம்மா இரண்டு கிலோ மிளகாயைக் கட்டிக் கொடுத்தார்.

அந்த மிளகாயில் ஒரு கை அள்ளி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா ஒன்றை எடுத்து ஆட்டி, உள்ளே விதை கலகலக்கிற சத்தத்தைக் கேட்டார். முகம் மாறிவிட்டது. "எங்க அப்பத்தா இந்த மொளகாயத்தான் சொல்லிக்கிட்டே கெடந்து செத்துச்சு. கமுதிப் பக்கமாம் அதுக்கு. ஊர் பேரு மறந்துபோச்சு டீச்சர்." கமுதியும் எங்கள் ஊரும் பக்கத்துப் பக்கத்துத் தாலுகா. வானம் பார்த்த பூமியில் பிழைக்க வழியில்லாதவர்களை, கங்காணிகள் முன்பணம் கொடுத்து இந்த மலைக்குக் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்களும் உண்டு. காட்டை அழித்துத் தேயிலை வைத்ததும் ரோடு வெட்டியதும் அவர்கள் கைதான். வருகிற வழியில், இந்த மலையில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர் மார்ஷ் துரைக்குச் சிலை இருக்கிறது. ரோடு வெட்டியவர்களுக்கு இல்லை. சரி, அது வேறு பேச்சு.

நான் விருந்தாளி, அக்கா உள்ளூர் என்று நினைத்திருந்தேன். அக்காவோ மூன்றாம் தலைமுறையாக இங்கே இருந்துகொண்டு, "சொந்த ஊர் எது" என்றால் பெயர் மறந்துபோன ஒரு கிராமத்தைச் சொல்கிறார். அன்று ராத்திரி மிளகாயைக் கிள்ளிப்போட்டுத் துவையல் அரைத்து, ஒரு அலுமினியத் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு அனுப்பினார். அந்தச் சட்டியை நான் மறுநாள் திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைத்துக்கொண்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: போன உடனே எதையாவது கேட்டு வாங்குங்கள். கறிவேப்பிலை, அரிவாள்மனை, ஏணி, எதுவானாலும் சரி. எல்லோரும் கொடுப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஸ்வீட் பாக்ஸோடு போய்க் கதவைத் தட்டுகிறார்கள். கொடுக்கிறவர் கை மேலே இருக்கிறது, வாங்குகிறவருக்குக் கூச்சம். கேட்டுப் போகிறவரிடம் யாருக்கும் கூச்சம் கிடையாது. கேட்டு வாங்கியதைத் திருப்பும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், அளந்து கொடுக்காதீர்கள், பாத்திரத்தை வெறுமனே அனுப்பாதீர்கள்.

பணம் இதில் சேராது. ஒருத்தருக்கு ஐயாயிரம் கொடுத்தேன். பணமும் போயிற்று, திண்ணையில் அவரோடு உட்கார்ந்து பேசுவதும் போயிற்று. அவர் என்னைப் பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அவர் இன்றும் பேசிக்கொண்டிருப்பார்.

அக்கா என்னை 'டீச்சர்', 'நீங்க' என்றே மூன்று வருஷத்துக்கு மேல் கூப்பிட்டார். அது மாறிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. இருட்டியும் விளக்குப் போடவில்லை. அக்கா வேலை முடித்து, நனைந்த கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராக என் கதவைத் தட்டினார். "விளக்கு எரியலையே, என்ன பண்ற உள்ள?" பதில் வராமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நெற்றியைத் தொட்டார். "ஏன் புள்ள, ஒட்டுச் சுவர்தான, ஒரு தட்டுத் தட்டக் கூடாதா?" காய்ச்சல் வேகத்திலும் எனக்கு அந்த 'புள்ள' கேட்டது. உடம்பு தேறியதும் திரும்பவும் 'நீங்க' வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் துடைத்துப் பரணில் ஏற்றினேன். ஏணி அக்கா வீட்டு ஏணி.

இந்த மலையில் ஒருவரை ஒருவர் கவனிப்பது நல்ல குணத்தால் மட்டும் வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு மேல் தனியாக நடக்க முடியாது. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும், ரோட்டில் யானை நிற்கும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பின்னால் வருகிறவருக்காக நிற்பார்கள். டார்ச் வைத்திருப்பவர் முன்னால், பிள்ளைகள் நடுவில். லைனுக்கு வந்ததும் யாராவது ஒருவர் தலை எண்ணுவார். நான் வந்த மறு வருஷம் வாக்கில், வனவிலங்கு ஆய்வாளர்கள் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். முக்கியமான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். அந்தப் பக்கம் யானை நின்றால் விளக்கு எரியும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் குறுஞ்செய்தி வந்த உடனே அக்கா சுவரைத் தட்டிக் கேட்பார், "பாத்தியா?" என்று. நானும் பதிலுக்குத் தட்டுவேன்.

ஒரு முறை சத்துணவுக் கூடத்துச் சுவரையே யானைகள் தள்ளிவிட்டன. அரிசியும் பருப்பும் தேடித்தான் வரும். காலையில் போய்ப் பார்த்தால் அண்டா நசுங்கிக் கிடக்கிறது, மூட்டை கிழிந்து சேறும் அரிசியும் ஒன்றாகக் கிடக்கிறது. அறுபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டும். நான் யாருக்குப் போன் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். லைனிலிருந்து பெண்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசியோடு வந்துவிட்டார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் வீட்டுப் படி எங்க? போய் எடுத்துட்டு வா" என்றார். எல்லார் முன்னாலும், அதட்டலாக. ஓடிப்போய் எடுத்து வந்தேன். என்னிடமும் ஊர் வரி கேட்கிற அளவுக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஓடும்போதே சந்தோஷமாக இருந்தது. வெளியாளிடம் யாரும் வரி கேட்க மாட்டார்கள்.

என்னிடம் இவர்களுக்குத் தேவைப்படுகிற ஒரு கைத்தொழில் இருந்தது, எழுத்து வேலை. பி.எஃப். பணம் எடுக்கப் படிவம் 19, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி. படிவம் நிரப்புவது பெரிய விஷயமில்லை, பெயர்தான் தொல்லை. எஸ்டேட் வருகைப் பதிவான மஸ்டர் புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து. மூன்றும் ஒருத்திதான் என்று நிரூபிப்பதற்குள் ஆள் கிழவியாகிவிடுவார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது, முதல் வருஷத்திலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள், கடைசி வருஷத்தில் அலையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். ஊருக்கு ஓடுவது மாதம் இரண்டிலிருந்து ஒன்றானது. பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்.

நல்லது, கெட்டது என்றதும் இன்னொன்று. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மொய்யை அனுப்பிச் சமாளிக்கலாம். சாவுக்குப் போக வேண்டும். முதல் வருஷம் லைனில் ஒரு பெரியவர் இறந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், எனக்கு அவரைத் தெரியாதே என்று. தெரிந்திருக்க வேண்டியதில்லை. போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

அக்கா 2022-இல் ஓய்வு பெற்றார். சட்டத்தின் மறுபக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். வேலை இருக்கிறவரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தால்தான் பணிக்கொடைக் காசோலை கைக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பிறந்தது அதே லைனில், நான்கு வீடு தள்ளி. புருஷனைப் பறிகொடுத்ததும் அங்கேதான். அவர் வைத்த பேரிக்காய் மரம் பின்பக்கம் நிற்கிறது. எதற்கும் பட்டா கிடையாது. படிவங்களை நான்தான் நிரப்பினேன். 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் வரும். எத்தனையோ பேருக்கு அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். அன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா, "மகன் வீட்டு அட்ரஸப் போடு, திருப்பூர்" என்றார்.

சாமான் ஏற்றிய வேன் கிளம்பும்போது தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "எல்லாக் கணக்கையும் இன்னிக்கே முடிக்கணுமா?"

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தமில்லை. முதல் சில மாதம் யானைக் குறுஞ்செய்தி வந்ததும் கை தானாகச் சுவருக்குப் போகும். அக்கா போய்விட்டால் இந்த ஊர் எனக்கு அந்நியமாகிவிடும் என்று நினைத்தேன். அதற்குள் மற்ற வீடுகளின் பாத்திரங்கள் என் அடுப்படியில் ஏழெட்டு சேர்ந்திருந்தன.

திருப்பூரில் அக்கா நன்றாக இல்லை. போனில் குரல் அடங்கிப்போயிருந்தது. மூன்றாவது மாடி. மகனும் மருமகளும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார்கள். "எதிர்வீட்டுல யாருன்னே தெரியல. கதவு சாத்துற சத்தம் மட்டும் கேக்குது" என்பார். 2024-இல் திருநெல்வேலிப் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை மலையை விட்டு இறங்கச் சொன்ன செய்தி டி.வி.யில் வந்தபோது ராத்திரி கூப்பிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. "பேரிக்கா காச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். காய்த்திருந்தது. "அப்ப பறிச்சு லைனுக்கே குடுத்துரு" என்றார். அன்றுதான் துணிந்து சொன்னேன்: "அக்கா, எதிர்வீட்டுல போய் எதையாவது கேளுங்க. சர்க்கரை கேளுங்க." அக்கா சிரித்தார். "எனக்கே பாடம் சொல்றியா?"

போன மே விடுமுறையில் திருப்பூர் போனேன். தூக்குச்சட்டியில் குண்டு மிளகாயை நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தை. கீழ்வீட்டுக்காரி, ஒடிசாவாம், புருஷன் சாயப்பட்டறையில் வேலை. அக்காவுக்கு ஒடியா தெரியாது, அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை. அந்த நாலில் ஒன்று 'அக்கா'.

அவள் போனதும் சமையல்கட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினார். அடியில் கொஞ்சம் பொரி மிச்சம் இருந்தது. "அந்தப் புள்ள கொண்டாந்தது. அம்மிக்கல்லு கேட்டு மேல வந்தா, அதுலருந்து இப்படி." கிண்ணம் வந்து பத்து நாள் ஆகிறதாம்.

நான் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன். அக்கா ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கை அள்ளி அந்தக் கிண்ணத்தில் போட்டார்.

"காரம் தாங்குவாளா அவ?" என்றேன்.

"தாங்கலைன்னா வந்து சொல்லுவா" என்றார்.